பர்கண்டிக் கால்வாய் ஓரமாக சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிசிலிருந்து தென்கிழக்கே ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் மிஜென் என்றொரு சிற்றூர் வரும். அங்கே தொடங்கி, டிஜோன் நகரைத் தொட்டுக்கொண்டு, சோன் ஆற்றங்கரையில் உள்ள சேன்-ஜான்-த-லோன் வரை 242 கி.மீ. ஓடுகிறது பர்கண்டிக் கால்வாய். அதன் கரையிலேயே சைக்கிளில் போகலாம். மூன்று முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை மொத்தமாக எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம்.

பிரான்சில் சைக்கிள் என்றால் லுவார் நதிக்கரைதானே பிரபலம்? இங்கே ஏன்?

லுவார் அழகுதான், மறுக்கவில்லை. பெரிய பெரிய அரண்மனைகள், நல்ல பாதை, ஊருக்கு ஊர் சைக்கிள் கடை. கூடவே கூட்டமும். ஜூலை மாதத்தில் சில இடங்களில் மணியடித்துக்கொண்டேதான் போக வேண்டும்.

பர்கண்டிக் கால்வாயில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், பத்து மணி வரை ஒரு நாரையையும் தூண்டில்காரர் ஒருவரையும் தவிர யாரையும் பார்க்காமல் போகலாம். இந்த அமைதி சும்மா வந்ததில்லை. கால்வாய் வெட்டும் வேலை 1775இல் ஆரம்பித்தது. புரட்சி வந்து வேலை நின்றது, நெப்போலியன் காலத்தில் மறுபடி தொடங்கியது. மிஜென் முதல் சேன்-ஜான்-த-லோன் வரை முழுதும் திறந்தது 1832இல்தான். பாரிசையும் லியோனையும் தண்ணீரால் இணைக்கும் பெரிய வணிகப் பாதையாக இருக்கும் என்பது கனவு. இருபது வருடம்கூட ஆகவில்லை, 1851இல் பாரிஸிலிருந்து டிஜோனுக்கு ரயில் வந்துவிட்டது. அதுவும் எந்த வழியாக? இதே பள்ளத்தாக்குகள் வழியாக. பல இடங்களில் கால்வாயும் தண்டவாளமும் அண்ணன் தம்பி போல ஒட்டியே ஓடுகின்றன. சரக்கு மெல்ல மெல்ல ரயிலுக்குப் போனது, பிறகு லாரிக்குப் போனது, கால்வாய்க்கு உல்லாசப் படகுகள் மிஞ்சின. கரையோர ஊர்கள் பெரும்பாலும் தொழில் நகரங்களாக வளரவில்லை, அதனால் பழைய கல் வீடுகளை இடிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. நாம் சைக்கிளில் ரசித்துப் பார்ப்பது, கனவு கண்டபடி ஓடாத ஒரு வியாபாரத்தின் மிச்சம்.

கரையில் எப்படி இவ்வளவு நீளத்துக்குப் பாதை வந்தது?

அது சைக்கிளுக்காகப் போட்டதில்லை. எஞ்சின் வருவதற்கு முன்னால் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். குதிரை இழுத்தது, கோவேறு கழுதை இழுத்தது. இரண்டுக்கும் வசதி இல்லாத படகுக்காரர் தன் தோளிலேயே வாரை மாட்டிக்கொண்டு இழுத்தார், மனைவி மக்களும் சேர்ந்து இழுத்தார்கள். அவர்கள் நடந்த பாதைதான் இது. பிரெஞ்சில் ‘ஷெமேன் த அலாஜ்’, இழுக்கும் பாதை.

வழியெல்லாம் வருகிற இன்னொரு விஷயம் மதகுகள். நம் ஏரி மதகு போல் தண்ணீர் திறந்துவிட மட்டும் இல்லை, படகை ஏற்றி இறக்கவும்தான். இரண்டு பக்கமும் கதவு வைத்த நீளமான கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, மேலேயிருந்து தண்ணீர் விட்டால் தொட்டி நிரம்பும், படகு உயரும், முன்கதவு திறக்கும். இப்படி 189 மதகுகள் இந்தக் கால்வாயில் உண்டு. பலவற்றின் அருகில் மதகுக்காரர் குடியிருந்த சின்ன வீடு, பெரும்பாலும் அதன் சுவரில் ஒரு எண்ணும் எழுத்தும். கால்வாய் வழியின் உச்சியிலிருந்து யோன் ஆற்றுப் பக்கம் இறங்குபவை ‘ஒய்’ (113 மதகுகள்), சோன் ஆற்றுப் பக்கம் இறங்குபவை ‘எஸ்’ (76). மிஜெனிலிருந்து போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். கடைசி இருபது எண்களை நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். கால் வலிக்கு அது ஒரு மருந்து.

மேடு ஏற வேண்டுமா? எனக்கு முட்டி வலி உண்டு.

ஏற வேண்டும், ஆனால் ஏறுவதே தெரியாது. மிஜெனிலிருந்து உச்சியில் இருக்கும் பூயி-ஆன்-ஓசுவா வரை சுமார் 155 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 300 மீட்டர்தான் உயர்கிறோம். தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டுமே, அதனால் பாதையும் மட்டமாகவே போகும். ஒவ்வொரு மதகிலும் மட்டும் இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒரு சின்ன ஏற்றம். வெனாரே-லே-லோம் தாண்டியதும் மதகுகள் நெருக்கமாக வரும், அங்கே மட்டும் மூச்சு வாங்கலாம்.

முட்டியைச் சோதிப்பது கால்வாயை விட்டு விலகும்போதுதான். பர்கண்டியின் நல்ல ஊர்கள் பாதி குன்றின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஃபிளவிஞி, செமுர், ஷத்தோநெஃப் மூன்றுக்கும் ஏறித்தான் ஆக வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் ஷத்தோநெஃபுக்கு மூன்று முறையும் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

எத்தனை நாள் வேண்டும்?

பழகியவர்கள் மூன்று நாளில் முடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆறு. தூரக் கணக்கு தோராயமாக இப்படி: மிஜென் முதல் தொன்னேர் வரை 45 கி.மீ., தொன்னேர் முதல் மோன்பார் வரை 60க்குச் சற்றுக் குறைவு, மோன்பார் முதல் பூயி வரை 50 சொச்சம், பூயி முதல் டிஜோன் வரை 57, அங்கிருந்து முடிவு வரை 30. இதை ஐந்தாகப் பிரித்துக்கொண்டு, மோன்பாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஏன் மோன்பார் என்பது கீழே வருகிறது.

மிஜெனிலிருந்து டிஜோன் நோக்கிப் போவது நல்லது. அந்தப் பக்கத்தில் காற்று மேற்கிலிருந்து வருவதுதான் அதிகம், முதுகில் படும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

முடியாது. முயன்றால் சைக்கிள் பயணம் போய் டிக்கெட் கவுண்டர் பயணம் ஆகிவிடும். நான் விடக்கூடாது என்று நினைப்பவற்றைச் சொல்கிறேன்.

தொன்னேரில் இரண்டு. ஒன்று, 1293இல் பர்கண்டியின் மார்கரித் என்ற அரசகுல விதவை கட்டிய தர்ம ஆஸ்பத்திரி. நோயாளிகள் படுத்திருந்த கூடம் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்து மேலே பாருங்கள், கூரையின் உள்பக்கம் கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி இருக்கும். இன்னொன்று ஃபோஸ் தியோன் என்ற ஊற்று. ஊருக்கு நடுவே பாறைக்கு அடியிலிருந்து நீலப்பச்சையாகத் தண்ணீர் பொங்குகிறது. அதைச் சுற்றி 1758இல் வட்டமாகத் துணி துவைக்கும் துறை கட்டியிருக்கிறார்கள். ஊற்றின் குகை பாறைக்குள் ஆழமாகப் போகிறது. இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர்களில் சிலர் திரும்பவில்லை. பாம்பு உடல் கொண்ட ஒரு பிராணி உள்ளே வாழ்ந்தது என்று ஊர்க்கதை. குளம், அதற்குள் பூதம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா என்ன!

இந்த ஊரில் 1728இல் பிறந்தவர்தான் ஷெவாலியே தெயோன். பதினைந்தாம் லூயியின் ரகசியத் தூதர், குதிரைப்படை அதிகாரி, வாள் வீரர். 1777க்குப் பிறகு பெண்ணாகவே வெளிப்படையாக வாழ்ந்து, 1810இல் லண்டனில் இறந்தார்.

தொன்னேரைத் தாண்டியதும் தன்லே, பிறகு ஆன்சி-ல-ஃபிரான். இரண்டும் 16ஆம் நூற்றாண்டு மாளிகைகள், இரண்டும் கால்வாய்க்குப் பக்கம். ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் தன்லே. சுற்றிலும் அகழி, ஒரு கோபுரத்தின் உள்கூரையில் அந்தக் காலத்து அரசவைப் பிரமுகர்களை ரோமானியத் தெய்வங்களாகத் தீட்டிய ஓவியம். மதச்சண்டை நடந்த நாளில் யார் யாரை எப்படி வரைந்து நக்கல் செய்தார்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது குழுவே சிரித்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது, நானும் சிரித்தேன்.

மோன்பாரில் ஏன் ஒரு நாள் கூடுதலாக?

மோன்பார் சாதாரண இரும்புத் தொழில் ஊர், முதல் பார்வைக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அங்கிருந்து 6 கி.மீ. தள்ளி ஒரு காட்டுப் பள்ளத்தாக்கில் ஃபோந்தனே மடாலயம் இருக்கிறது. 1118இல் துறவி பெர்னார் நிறுவியது. அவர் சார்ந்த சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகளுக்கு அலங்காரம் ஆகாது. எனவே தேவாலயத்தில் சிற்ப வேலைப்பாடும் இல்லை, கோபுரமும் இல்லை, தரைகூடப் பல இடங்களில் வெறும் மண். வெளிச்சம் மட்டும்தான் அலங்காரம். அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுவே போதுமென்று இருந்தது.

துறவிகள் இரும்பும் அடித்தார்கள். ஓடைத் தண்ணீரால் சுத்தியலை இயக்கிய 12ஆம் நூற்றாண்டுப் பட்டறைக் கட்டடம் அப்படியே நிற்கிறது. புரட்சிக்குப் பிறகு மடத்தை விற்றுவிட்டார்கள், அது காகித ஆலை ஆனது. 1820இல் வாங்கியவர்கள் மோங்கோல்ஃபியே குடும்பத்தார். ஆமாம், வெப்பக்காற்று பலூன் விட்ட அதே குடும்பம், அவர்களுக்குக் காகிதம்தான் குலத்தொழில். 1906இல் எதுவார் எய்னார் என்ற வங்கி அதிபர் வாங்கி, ஆலைக் கட்டடங்களை அகற்றிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம் பியூஃபோன். 1707இல் மோன்பாரில் பிறந்த இயற்கையியலாளர், பாரிசில் அரச தோட்டத்தின் தலைவர். பக்கத்துக் கிராமத்தில், அவர் பேர் கொண்ட ஊரிலேயே, 1768இல் பெரிய இரும்பு உலை ஒன்றைக் கட்டினார். கால்வாய்ப் பாதையிலிருந்து கொஞ்ச தூரம்தான். இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதைப் பெருக்கிப் பூமியின் வயதைக் கணக்கிட்டார். அவர் அச்சில் வெளியிட்டது சுமார் 75,000 ஆண்டுகள். இன்றைய கணக்கான 450 கோடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. உலகம் தோன்றி ஆறாயிரம் வருடம்தான் என்று நம்பிய காலத்தில் அதைச் சொல்லவே துணிச்சல் வேண்டும்.

அஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் கதைகளில் வரும் கால் (Gaul) மக்களின், அதாவது ரோமானியருக்கு முந்தைய பிரான்ஸ்வாசிகளின், ஊர் இந்தப் பக்கமா?

அந்தக் கற்பனைக் கிராமம் வடமேற்கே, கடலோரத்தில். ஆனால் நிஜக் கதையின் முடிவு இங்கேதான். வெனாரேக்கு மேலே அலீஸ்-சேன்த்-ரேன் குன்று. கி.மு. 52இல் கால் தலைவன் வெர்சிஞ்ஜெட்டோரிக்ஸ் தன் படையோடு இங்கே அடைபட்டான். ஜூலியஸ் சீசர் குன்றைச் சுற்றி இரண்டு அரண்கள் எழுப்பினார்: உள்ளே இருப்பவர்கள் வெளியே வராதபடி சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு ஒன்று, வெளியிலிருந்து உதவிக்கு வருபவர்களைத் தடுக்கச் சுமார் 21 கி.மீ. நீளத்துக்கு இன்னொன்று. பட்டினி கிடந்து, கடைசியில் சரணடைந்தார்கள். தலைவனை ரோமுக்குக் கொண்டுபோய்ச் சில ஆண்டுகள் சிறையில் வைத்துக் கொன்றார்கள்.

குன்றின் மேல் 1865இல் மூன்றாம் நெப்போலியன் வைத்த பெரிய செப்புச் சிலை இருக்கிறது. நீண்ட மீசை, கீழ்நோக்கிய பார்வை. முகம் அந்தப் பேரரசரின் முகச்சாயலில்தான் என்று சொல்வார்கள். தோற்றவனுக்குச் சிலை வைத்து அதில் தன் முகத்தைப் பதிப்பதில் என்ன அரசியலோ! அந்தச் சிலை வைத்து ஐந்தே வருடத்தில் அவரும் போரில் தோற்றுச் சரணடைந்தார். கீழே 2012இல் திறந்த வட்ட வடிவ அருங்காட்சியகம், சீசரின் அரணை ஒரு துண்டு அளவுக்கு நிஜ உயரத்தில் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

பக்கத்துக் குன்றில் ஃபிளவிஞி. அந்த ஊரின் பழைய மடத்தில் சின்னச் சின்ன வெள்ளை மிட்டாய் செய்கிறார்கள். நடுவே ஒரே ஒரு சோம்பு விதை, அதன் மேல் சர்க்கரைப் பாகு அடுக்கடுக்காக, பல நாள் சுழற்றிச் சுழற்றி ஏற்றியது. வாயில் போட்டதும் நம் ஊர் சீரக மிட்டாய் ஞாபகம் வந்துவிட்டது. வித்தியாசம் விலையிலும் தகர டப்பியிலும்தான்.

உச்சியில் கால்வாய் எப்படி மலையைத் தாண்டுகிறது?

தாண்டவில்லை, குடைந்துகொண்டு போகிறது. பூயியில் 3,333 மீட்டர் நீளச் சுரங்கம். ஒரு படகுதான் நுழைய முடியும், உள்ளே இழுக்கும் பாதை கிடையாது. அதனால் தண்ணீருக்கடியில் கிடந்த சங்கிலியைப் பற்றிக்கொண்டு போகும் இழுவைப் படகு ஒன்று, மற்ற படகுகளை வரிசையாகக் கட்டி இழுத்தது. அதை இப்போது கரையேற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு நிழல் தரும் கூரை, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அட்டைக் குழல்களால் செய்தது.

சைக்கிளில் நாம் சுரங்கத்தின் மேலே போகிறோம். காற்றுக்காக விட்ட கிணறுகள் ஆங்காங்கே தெரியும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த மேட்டின் ஒரு பக்கம் விழும் மழை யோன், சேன் வழியாக ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறது. மறுபக்கம் விழுவது சோன், ரோன் வழியாக மத்தியதரைக் கடலுக்கு. மேட்டில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து? சுற்றிலும் ஏரிகள் வெட்டித் தேக்கி வைத்திருக்கிறார்கள். வறண்ட கோடையில் ஏரி இறங்கிவிட்டால் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சைக்கிள்காரருக்குக் கவலை இல்லை.

அந்த ஏரிகளில் ஒன்றான பாந்தியே, கூடாரம் போட நல்ல இடம். அங்கிருந்து பார்த்தால் குன்றின் மேல் ஷத்தோநெஃப் கோட்டை. அதன் 15ஆம் நூற்றாண்டுச் சொந்தக்காரர் ஃபிலிப் போ. அவரது கல்லறையை பாரிஸ் லூவ்ரில் பார்த்திருக்கலாம், முக்காடு போட்ட எட்டுக் கறுப்பு உருவங்கள் அவரைத் தோளில் சுமந்து நிற்கும். கோட்டையைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தவனுக்கு அந்த மனிதர் ஏதோ தெரிந்தவர் போல இருக்கும்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

கிடக்க வேண்டாம், ஆனால் திட்டம் வேண்டும். பர்கண்டிச் சமையல் மாட்டிறைச்சி, நத்தை, பன்றித்தொடை என்று போகும். ‘சாலட்’ என்று நம்பிக் கேட்டால் அதிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு தூவியிருப்பார்கள். ஒயினில் வேகவைத்த முட்டையிலும் அதே கதை. “சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்” என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், அந்தத் துண்டும் வேண்டாம். பாலாடைக்கட்டி போட்ட கூஜேர் என்ற உப்பலான பலகாரம் பேக்கரியில் கிடைக்கும், நல்ல துணை. எப்புவாஸ் என்ற பாலாடைக்கட்டி இந்த வட்டாரத்துப் பெருமை. ருசி அபாரம், வாடை அதைவிட. பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறாதீர்கள்.

பாரிஸ் வழியாக வருபவர்கள் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேலில் இறங்கிக்கொள்ளலாம். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்புப்பொடி, ஊறுகாய், மிக்சர் எல்லாம் அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பகேத் ரொட்டிக்குள் வெண்ணெயும் இட்லிப் பொடியும் தடவித் தின்றால் ஒரு தொந்தரவும் இல்லை.

நேரம்தான் பெரிய எதிரி. உணவகத்தில் மதியச் சாப்பாடு 12 மணி முதல் ஒன்றரைக்குள். கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிறு மாலையும் திங்களும் பல ஊரில் முழுக் கதவடைப்பு. முதல் பயணத்தில் ஒரு திங்கள் முழுக்க உலர்திராட்சையும் ஒரு வாழைப்பழமும்தான். அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு தெருமுனையில் நின்ற ரொட்டி இயந்திரம்: காசு போட்டால் பகேத் விழும். சில கிராமங்களில் பீட்சா இயந்திரம்கூட உண்டு.

குடிதண்ணீர்?

கல்லறைத் தோட்டம். சிரிக்காதீர்கள். ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள், சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். ‘நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். பழைய துவைதுறைத் தண்ணீரும் பார்க்கப் பளிங்கு போல இருக்கும், அதையும் குடிக்க வேண்டாம்.

எந்த மாதிரி சைக்கிள் வேண்டும்?

பாதை ஒரே சீராக இல்லை. சில இடம் தார், சில இடம் அழுத்திய சரளை, சில இடம் நடுவே புல் முளைத்த மண் தடம். மழை பெய்தால் கடைசி வகையில் வழுக்கும். பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் வேண்டாம். 35 முதல் 40 மி.மீ. டயர், கியர், கேரியர், இரண்டு பக்கப் பை போதும். முதுகில் பை சுமக்காதீர்கள், இரண்டாம் நாள் தோள் கழன்றுவிடும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் டியூபின் வால்வைப் பார்த்து வாங்குங்கள். எனக்கு ஒரு கடையில் கொடுத்த மாற்று டியூப், சக்கரத்தின் துளைக்குள்ளேயே நுழையவில்லை: சக்கரம் ஒல்லி வால்வுக்கு, டியூப் கார் டயர் போன்ற தடி வால்வுக்கு. அதைக் கண்டுபிடித்தது மழையில், பக்கத்து ஊருக்கு 9 கி.மீ. இருக்கும்போது. கயிறு இல்லாத படகுக்காரர் மாதிரி அன்று தள்ளிக்கொண்டே போனேன்.

சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியுமா?

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து டிஜோன் போகும் வட்டார ரயில் லரோஷ்-மிஜெனிலும் மோன்பாரிலும் நிற்கும், சைக்கிளை அப்படியே ஏற்றலாம். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பும், விதியும் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயிலில் என்றால் கழற்றி, 130 க்கு 90 செ.மீ. பைக்குள் அடக்க வேண்டும். ரயில் கூடவே ஓடுவதில் ஒரு நிம்மதி: கால் ஓய்ந்தால் தொன்னேர், மோன்பார், வெனாரே, எங்கிருந்தும் ஏறிவிடலாம். வெனாரேக்கும் டிஜோனுக்கும் நடுவில் பெரும்பகுதிக்கு அந்த வசதி இல்லை. ரயில் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடும்.

சட்டதிட்டம் ஏதாவது?

வலப்பக்கம் ஓட்ட வேண்டும், நமக்கு முதல் நாள் இதுதான் சோதனை. கிராமத்துக்குள் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து ஒரு டிராக்டர் நிற்காமல் வந்தால் தவறு அவர்மீது இல்லை. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்களும் போடுங்கள். இரவில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் இயர்போன் மாட்டி ஓட்டக் கூடாது, 2015 முதல் தடை. ஒயின் ஊர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குடிபோதை வரம்பு சைக்கிளுக்கும் உண்டு.

எப்போது போகலாம்? எங்கே தங்குவது?

மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிய. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். குளிர்காலத்தில் மாளிகைகள் பல மூடியிருக்கும். இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் வருவார்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். உயரமான புல்லில் உட்கார்ந்து எழுந்தால் கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இரவில் பாருங்கள், நோய் பரப்பும்.

தங்க ஊராட்சிக் கூடார மைதானங்கள் மலிவு, சுத்தம். சொந்த வீட்டிலேயே அறை வாடகைக்கு விட்டுக் காலை உணவும் தரும் ‘ஷாம்ப்ர் தோத்’ அதைவிடச் செலவு, ஆனால் பேச்சுத்துணை கிடைக்கும். ‘அக்கேய் வேலோ’ என்ற முத்திரை உள்ள இடத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க அறை இருக்கும்.

பிரெஞ்சு தெரியாதே?

கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேரே “ரொட்டி” என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டு அப்புறம் சைகையில் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தருவார்கள். பாதையில் எதிர்ப்படுபவருக்கும் அதேதான்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

தனியாகப் போகும் பெண்களை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். என் தங்கை போனபோது நான் சொன்னது ஒன்றே: தங்கும் இடத்தை முன்பே உறுதி செய்துகொள், சில பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அவசர எண் 112. அவள் திரும்பி வந்து சொன்ன ஒரே புகார், பாதைக்குக் குறுக்கே நீட்டிக் கிடக்கும் தூண்டில் கம்புகள்தான்.

டிஜோனிலேயே முடித்துவிடலாமா? கடைசி 30 கி.மீ. அவசியமா?

டிஜோனில் முடித்தால் குறை ஒன்றும் இல்லை. ஊருக்குள் நுழையும்போது வரும் கிர் ஏரி, 1945 முதல் 1968 வரை மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர் பெயரில் இருப்பது. வெள்ளை ஒயினில் கருந்திராட்சை போன்ற கசிஸ் பழச்சாராயம் கலந்த பானத்துக்கும் அவர் பெயர்தான். நோத்ர்-தாம் தேவாலயச் சுவரில் தேய்ந்துபோன ஒரு கல் ஆந்தை உண்டு. இடது கையால் தடவி வேண்டிக்கொண்டால் நடக்குமாம். வரிசையில் நின்று நானும் தடவினேன், பஞ்சர் ஆகக் கூடாது என்று.

அங்கிருந்து கடைசிப் பகுதி கிட்டத்தட்ட அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் போகும். சலிப்புத்தான், பொய் சொல்ல மாட்டேன். வெயில் நாளில் நிழலும் குறைவு. ஆனாலும் நான் போவேன். சேன்-ஜான்-த-லோனில் கால்வாய் சோன் ஆற்றில் கலக்கும் இடத்தில், சரக்கு ஏற்றிய பழைய படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. பலவற்றில் இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன, ஜன்னலில் திரைச்சீலை, மேல்தளத்தில் தக்காளித் தொட்டி, துவைத்த துணி. ஊரிலிருந்து டிஜோனுக்கு வட்டார ரயில் உண்டு. மாலை ரயிலின் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.